மூலை வரைக்கும் துடைச்சியா?

இந்த வருஷத்தோடு வில்ஹெல்மினாவைத் தலைமுழுகிவிடுவது என்று நார்மன் முடிவு செய்துவிட்டார்.

வில்ஹெல்மினா என்றதும் யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். நார்மனுக்கு வயது அறுபத்தெட்டு, முழங்கால் இரண்டும் மக்கர் பண்ணுகின்றன. அவர் வாழ்க்கையில் குறுக்கே வந்த வில்ஹெல்மினா பதினாலு மீட்டர் நீளம், பதினெட்டு டன் எடை, உடம்பு முழுக்க இரும்பு. ஹாலந்தில் பிறந்து, பிரான்ஸில் சோன் ஆற்றங்கரையில் கட்டிக்கிடக்கும் படகு. வாங்கியது அவர் மனைவி முரியல். முப்பது வருஷம் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்றது பள்ளிக்கூடத்திலிருந்துதான், தலைமையிலிருந்து இல்லை.

மே மாதம் பிறந்தால் இருவரும் இங்கிலாந்தின் வடகோடியில் இருக்கும் வீட்டைப் பூட்டிக்கொண்டு படகுக்கு வந்துவிடுவார்கள். திரும்புவது செப்டம்பர் கடைசியில். ஆறு, வெயில், ரொட்டி, வைன், இதில் மனுஷனுக்கு என்ன குறை என்று ஊரில் எல்லோரும் பொறாமைப்பட்டார்கள். நார்மனுக்கு ஒரே ஒரு குறைதான். லீக்ஸ்.

லீக்ஸ் என்பது வெங்காயத்தாளுக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளலாம். நார்மனின் ஊரில் சமைப்பதற்காக அதை வளர்க்கிறவன் மனுஷனே இல்லை. செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமை ஊர் கிளப்பில் போட்டி நடக்கும். விடிந்ததும் செடியைப் பிடுங்கி, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி கழுவி, பாலில் நனைத்த துணியால் துடைத்து, மேஜையில் கிடத்துவார்கள். நடுவர் வந்து தடிமன் அளப்பார். விதிகளில் ஒன்று ரொம்பக் கறார். செடியைக் கொண்டுவந்து மேஜைக்கு முன்னால் நிற்கிற ஆள்தான் போட்டியாளர். ஆள் நிற்கவில்லையென்றால் அது வெறும் காய்கறி.

ஏழு வருஷமாக நார்மனின் லீக்ஸ் வெறும் காய்கறிதான். அவர் இல்லாதபோது தண்ணீர் ஊற்றுகிறவன் பக்கத்து வீட்டு வில்ஃப். ஏழு வருஷமாகக் கோப்பை வாங்குகிறவனும் அதே வில்ஃப். போன வருஷம் கோப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தான். "உன்னோடதும் பரவாயில்லாம வந்துது. சூப்புக்கு நல்லா இருந்துச்சு" என்று அடியில் எழுதியிருந்தான். அன்றைக்கு நார்மன் சாப்பிடவில்லை.

படகில் நார்மனுக்கு என்று ஒரு வேலை உண்டு. படுக்கையறைக் கட்டிலின் பலகையைத் தூக்கினால் கீழே படகின் அடிப்பள்ளம். குளியலறையில் கசிகிற தண்ணீர், குளிரில் வியர்க்கிற தண்ணீர் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். வாரத்துக்கு ஒரு தடவை இறங்கி, பஞ்சால் ஒற்றி, உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் இரும்பு உள்ளேயிருந்து துருப்பிடிக்கும். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை துடைத்துவிட்டு, முரியல் கோடு போட்டு வைத்திருக்கும் நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும்.

நார்மன் பலகையைத் தூக்குவார். நாற்றம் மூக்கில் ஏறும். பலகையை இறக்கிவிடுவார். கட்டிலில் உட்கார்ந்து அரைமணி நேரம் விதைப் பட்டியல் படிப்பார். பிறகு ஜன்னல் வழியாக வாளியை விட்டு ஆற்றுத் தண்ணீரை மொண்டுகொண்டு, இடுப்பைப் பிடித்தபடி மேலே வருவார்.

"மூலை வரைக்கும் துடைச்சியா?" என்று முரியல் கேட்பாள்.

"மூலை வரைக்கும்."

"அங்க ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்ல."

முரியல் கண்ணாடிக்கு மேலாக அவரை ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு சிவப்புப் பேனாவால் நோட்டில் ஒரு சரி போடுவாள். ஏழு வருஷமாக இதில் ஒரு வார்த்தை மாறியதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இன்ஷூரன்ஸ்காரர்களிடமிருந்து கடிதம் வந்தது. படகைக் கரையேற்றி, அடித்தகட்டின் கனத்தை அளந்து அறிக்கை அனுப்ப வேண்டும். நாலு மில்லிமீட்டருக்குக் குறைந்தால் இன்ஷூரன்ஸ் இல்லை. காலைச் சாப்பாட்டு மேஜையில் முரியல் அதை உரக்கப் படித்தாள்.

"அடிப்பாகம் போயிருந்தா வித்துடலாம், நார்மன். ஓட்டைப் படகைக் கட்டிக்கிட்டு அழ நான் தயாரில்ல."

நார்மன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது. கட்டிலுக்கு அடியில் ஏழு வருஷமாகத் தேங்கி நிற்கும் தண்ணீர் ஞாபகம் வந்தது. சோம்பேறித்தனத்துக்கும் ஒரு நாள் கூலி கிடைக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

ஜூலை நடுவில் படகு ஆற்றோரப் பட்டறையில் கரையேறியது. அளக்க வந்தவர் ரூடி, பெல்ஜியத்துக்காரர். ஒரு கையில் சுத்தியல், இன்னொரு கையில் கனம் காட்டும் கருவி. தட்டுவார், கேட்பார், கருவியை வைப்பார், எண்ணைச் சொல்வார். முரியல் பின்னாலேயே குறித்துக்கொண்டு போனாள்.

"அஞ்சு. அஞ்சு. நாலு புள்ளி எட்டு. அஞ்சு. பிரமாதமான படகு, மேடம். இன்னும் நாப்பது வருஷம் ஓட்டலாம்."

நாற்பது வருஷம் என்றதும் நார்மனுக்குக் கண்ணை இருட்டியது. நூற்றெட்டாவது வயதில் லீக்ஸ் மேஜைக்கு முன்னால் போய் நிற்பதை நினைத்துப் பார்த்தார். ரூடியின் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"கொஞ்சம் ஓங்கித் தட்டலாமே?"

ரூடி சுத்தியலைத் தாழ்த்தினார். "ஓங்கியா?"

"முழு பலத்தோட."

"இருபத்தாறு வருஷமா படகு பாக்கறேன் சார். மெதுவாத் தட்டுங்கன்னு காலைப் பிடிச்சவங்க உண்டு. ஒருத்தர் என் சுத்தியலையே ஒளிச்சு வச்சார். ஓங்கித் தட்டச் சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

"எனக்கு உண்மைதான் முக்கியம்" என்றார் நார்மன். முப்பத்தெட்டு வருஷத் திருமண வாழ்க்கையில் இந்த வாக்கியத்தை அவர் சொல்வது இதுதான் முதல் தடவை.

பிறகு மெல்ல ரூடியின் முழங்கையைத் தொட்டுப் பின்பக்கமாக நகர்த்திக்கொண்டு போனார். படுக்கையறைக்கு நேர் கீழே நிறுத்தினார். "இங்க" என்று விரலால் காட்டினார்.

ரூடி ஓங்கினார். டங் என்று கேட்க வேண்டிய இடத்தில் சொத் என்று கேட்டது. சுத்தியலின் தலை உள்ளே போய்விட்டது. இழுத்தபோது ஓட்டை வழியாகக் கறுப்புத் தண்ணீர் ரூடியின் சட்டையில் வழிந்தது. ஏழு வருஷத்து நாற்றமும் கூடவே இறங்கியது. நார்மன் அந்த ஓட்டையைப் பார்த்த மாதிரி கல்யாணத்தன்று முரியலைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

"உள்ளேயிருந்து வந்த துரு" என்றார் ரூடி, சட்டையை உதறிக்கொண்டே. "பல வருஷமாத் தண்ணி தேங்கியிருக்கு. இங்கேருந்து பின்மூலை வரைக்கும் அப்பளமாத்தான் இருக்கும்."

"தேங்க வாய்ப்பே இல்லியே" என்றாள் முரியல். "நார்மன் வெள்ளிக்கிழமை தவறாமத் துடைக்கிறாரே. நோட்டு இருக்கு. காட்டட்டுமா?"

ரூடி நார்மனைப் பார்த்தார். நார்மன் ஆற்றைப் பார்த்தார். படகுக்காரர்களின் குடும்ப விவகாரத்தில் தலையிடுவதில்லை என்பது ரூடியின் தொழில் தர்மம். "சில இரும்பு அப்படித்தான் மேடம்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

முரியல் ஓட்டைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். "சொன்ன வார்த்தை மாறமாட்டேன். வித்துடலாம்" என்றாள்.

நார்மன் முகத்தில் துக்கத்தை வரவழைத்துக்கொண்டார். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, முரியல். என்ன பண்றது."

"ஆனா ஓட்டையோட யார் வாங்குவா?"

இதை நார்மன் யோசிக்கவே இல்லை.

"அடைச்சுட்டுத்தான் விக்கணும்" என்ற முரியல் திரும்பி, பட்டறையின் வெல்டரைக் கூப்பிட்டாள். "இவோன், எத்தனை நாளாகும்?"

இவோன் வாயிலிருந்த சிகரெட்டை எடுக்காமலே கீழே குனிந்து பார்த்தார். "பழைய தகட்டு மேல புதுத் தகடு வச்சு வெல்டு பண்ணணும். பத்து நாள். தகடு வர ரெண்டு வாரம். ஆகஸ்ட்ல நான் கிடையாது. ஆகஸ்ட்ல பிரான்ஸே கிடையாது. செப்டம்பர் ஒண்ணாந்தேதி ஆரம்பிக்கலாம்."

நார்மன் மனசுக்குள் விரல் விட்டு எண்ணினார். ஒன்றும் பத்தும் பதினொன்று, வெள்ளிக்கிழமை. போட்டி பன்னிரண்டாம் தேதி. வியாழக்கிழமைக்குள் முடித்தால் நிச்சயம் போய்விடலாம். வேலை ஆரம்பிக்கிற வரைக்கும் இங்கிலாந்துக்குப் போய் வீட்டிலேயே இருந்துவிட்டால்கூட யார் கேட்கப் போகிறார்கள்.

"ஒரு விஷயம்" என்றார் இவோன். "வெளியில நான் பத்த வைக்கறப்போ உள்ள ஒரு ஆள் உட்காந்திருக்கணும். வாளித் தண்ணியும் ஈரச் சாக்கும் வச்சுக்கிட்டு. சூட்டுல பழைய எண்ணெய், மரம், எது வேணா பிடிக்கும். அந்த ஆள் படகுக்காரங்க வீட்டு ஆளாத்தான் இருக்கணும். போன தடவை என் மச்சானை உட்கார வச்சேன். அவனுக்கு இன்னும் புருவம் முளைக்கல. அப்புறம், நான் வர்றதுக்குள்ள உள்பக்கம் பலகையெல்லாம் கழட்டிச் சுரண்டி வைக்கணும். அதுக்கு ஆகஸ்ட் முழுக்க வேணும்."

முரியல் நார்மனைப் பார்த்தாள்.

"என் முழங்கால் இருக்கே..." என்று நார்மன் ஆரம்பித்தார்.

"அதே முழங்காலோடதானே ஏழு வருஷமா இறங்கித் துடைச்சே?"

நார்மன் வாயைத் திறந்தார். இறங்கினதே இல்லை என்று சொல்லலாம். சொன்னால் நோட்டு பொய், கையெழுத்து பொய், ஓட்டைக்குச் சொந்தக்காரர் நார்மன். வாயை மூடிக்கொண்டார்.

"அந்த இடத்துல ஒவ்வொரு இஞ்சும் உனக்கு அத்துப்படி" என்றாள் முரியல். "நான் இறங்கினா எது எங்க இருக்குன்னுகூடத் தெரியாது. நான் ஊருக்குப் போறேன். வாங்கறதுக்கு ஆள் இருக்கான்னு பாக்கறேன். உன் லீக்ஸுக்கும் நானே தண்ணி ஊத்தறேன். வில்ஃபுக்கு எதுக்கு வருஷா வருஷம் தொந்தரவு?"

அடுத்த வாரமே அவள் ரயிலேறிவிட்டாள்.

ஆகஸ்ட் மாதத்தில் நார்மன் பட்ட பாடு பகைவனுக்கும் வரக்கூடாது. கரையில் முட்டுக்கொடுத்து நிற்கும் இரும்புப் படகுக்குள் அடுப்புக்குள் இருக்கிற மாதிரி சூடு. பட்டறையில் ஈ காக்கை இல்லை. ஆற்றங்கரை ஊரில் ரொட்டிக்கடை உட்பட எல்லாம் பூட்டு. டின்னில் அடைத்த பீன்ஸைக் கரண்டியால் தின்றுகொண்டு, தலைகீழாகத் தொங்கியபடி சுரண்டினார். அடிப்பள்ளம் விலா எலும்பு மாதிரி இரும்புச் சட்டங்களால் அறை அறையாகப் பிரிந்திருந்தது. மொத்தம் ஒன்பது அறை. ஏழு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் துடைத்த இடத்தில் இத்தனை அறை இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. எட்டைச் சுரண்டி முடிப்பதற்குள் ஆகஸ்டும் முடிந்தது, முழங்காலும் முடிந்தது. பின்மூலையில், அவர் தலைவைத்துப் படுக்கிற இடத்துக்கு நேர் கீழே இருந்த ஒன்பதாவது அறையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

சாயந்தரமானால் முரியலிடமிருந்து போன் வரும்.

"தடிமன் எப்படி?" என்று நார்மன் கேட்பார். பெண்டாட்டியின் சௌக்கியம் இரண்டாவது கேள்வி.

"என் மணிக்கட்டை விடப் பெரிசு."

பத்து நாள் கழித்து, "உன் மணிக்கட்டை விடப் பெரிசு" என்றாள். ஆகஸ்ட் கடைசியில், "வில்ஃப் வேலி மேல எட்டிப் பார்த்தான். ஒண்ணும் பேசாம உள்ள போயிட்டான்" என்றாள்.

நார்மனுக்கு அழுகை வந்தது. ஆகஸ்டில் வில்ஃப் கை படாத முதல் வருஷத்தில் லீக்ஸ் இப்படி வளர்ந்திருக்கிறது. இத்தனை வருஷமும் அந்தப் பாவி என்ன ஊற்றினானோ. இந்த வருஷம் மட்டும் அந்த மேஜைக்கு முன்னால் போய் நின்றுவிட்டால், பிறகு உயிர் போனாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

இவோன் ஒன்றாம் தேதி சொன்னபடி வந்தார். வெளியே அவர் பத்த வைப்பார். உள்ளே நார்மன் வாளியும் சாக்குமாகக் குந்தியிருப்பார். தகடு சிவக்கும், புகை கிளம்பும், சாக்கால் அடிப்பார். பன்னிரண்டு மணிக்கு இவோன் சாப்பிடப் போனால் இரண்டு மணிக்குத்தான் வருவார். அந்த இரண்டு மணி நேரமும் நார்மன் படகுக்குக் கீழே குறுக்கும் நெடுக்கும் நடப்பார். இருந்தாலும் கணக்குப்படி வேலை நடந்தது. அறைக்கு ஒன்றாக, புதன்கிழமை எட்டாவது தகடு ஏறியது. வெள்ளிக்கிழமை காலை ரயிலுக்கு நார்மன் பெட்டியே கட்டிவிட்டார்.

வியாழக்கிழமை இவோன் கையை விரித்தார். "கேஸ் தீர்ந்துபோச்சு. நாளை சாயந்தரம்தான் சிலிண்டர் வரும். கடைசித் தகடு சனிக்கிழமை."

"திங்கட்கிழமை வச்சுக்கலாமே. நான் ஊருக்குப் போயிட்டு ஓடி வந்துடறேன்."

"திங்கட்கிழமை திராட்சை அறுவடை. நான், என் மச்சான், என் மாமியார், எல்லாரும் தோட்டத்துல. அதுக்கப்புறம் மூணு வாரம் என்னைத் தேடாதீங்க. ஓட்டையோட விட்டுட்டுப் போறதா இருந்தா போங்க. மேடம்கிட்ட நான் சொல்லிடறேன்."

மேடம் என்ற வார்த்தையிலேயே நார்மன் பெட்டியைப் பிரித்துவிட்டார்.

சனிக்கிழமை காலை. ஊரில் இந்நேரம் செடியைப் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். நார்மன் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டு, ஒன்பதாவது அறையைச் சுத்தம் செய்தார். கறுப்புச் சேற்றை டப்பா டப்பாவாக வாரினார். பஞ்சால் ஒற்றினார். மூலை வரைக்கும் கை போனது. அங்கே ஏதோ தட்டுப்பட்டது.

இரும்புச் சட்டத்தில் கம்பியால் கட்டியிருந்த ஜாம் ஜாடி. மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றி அடைத்திருந்தது. துடைத்தபோது, முரியலின் குண்டு குண்டு எழுத்தில் ப்ளம் ஜாம் என்ற சீட்டு தெரிந்தது. உள்ளே ஜாம் இல்லை. நாலாக மடித்த ஒரு காகிதம், பொட்டு ஈரம் படாமல் இருந்தது. தேதி ஏழு வருஷத்துக்கு முந்திய மே மாதம், படகு வாங்கிய முதல் வாரம்.

"நார்மன், மூலை வரைக்கும் துடைத்துவிட்டாய். சந்தோஷம். இந்தச் சீட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டு. இனிமேல் வருஷா வருஷம் ஆகஸ்ட் கடைசியில் ஊருக்குக் கிளம்பிவிடலாம். உன் லீக்ஸ் போட்டிக்கு நீ இல்லாமல் எப்படி? முரியல்."

கீழே சிவப்புப் பேனாவில் ஒரு சரி போட்டிருந்தது.

நார்மன் ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார். ஏழு கோடைக்காலம். இந்தச் சீட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தலையணை போட்டுப் படுத்துக்கொண்டு, ஏழு வருஷமும் ஊரை நினைத்து ஏங்கியிருக்கிறார். ஒரே ஒரு வெள்ளிக்கிழமை, ஒரே ஒரு தடவை, கையை நீட்டியிருந்தால் போதும்.

வெளியே இவோன் பத்த வைத்தார். தகடு சிவந்தது. ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு நார்மன் சாக்கால் அடித்தார். புகைதான் காரணம் என்று சொல்லிக்கொள்ள வசதியாகக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

கடைசிப் பொறி அடங்கியபோது போன் அடித்தது. பின்னால் கைதட்டலும் பியர்க் கோப்பைகளின் சத்தமும் கேட்டன.

"நார்மன், முதல் பரிசு."

"வில்ஃபுக்கா?"

"எனக்கு. விடிஞ்சதும் பிடுங்கி, பாலில துடைச்சு, மேஜைக்கு முன்னால நின்னேன். கிளப் ஆரம்பிச்ச நாள்லேருந்து இந்தத் தடிமன் வந்ததில்லியாம். வில்ஃப் ரெண்டாவது. ஓரமா உட்காந்து அழறான், பாவம். கோப்பையில என் பேரைப் பொறிக்கக் குடுத்திருக்காங்க."

"அது என் லீக்ஸ், முரியல்."

"நின்னது நானில்லியா?"

விதி விதிதான். நார்மனுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆறுதல். "படகு வாங்க ஆள் கிடைச்சுதா?"

"எதுக்கு விக்கணும்? அடிப்பாகம் போயிருந்தாத்தான் விக்கலாம்னு சொன்னேன். இப்பத்தான் புத்தம் புதுசாப் போட்டாச்சே." பிறகு பழைய வெள்ளிக்கிழமைக் குரல் வந்தது. "இன்னைக்குக் கடைசித் தகடு இல்ல? மூலை வரைக்கும் துடைச்சியா?"

நார்மன் மடியிலிருந்த ஜாடியைப் பார்த்தார்.

"மூலை வரைக்கும்."

"அங்க ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்ல" என்றார் நார்மன், ஏழு வருஷப் பழக்கத்தில்.

"சரி. அந்த ஜாடியைக் கழுவி எடுத்துட்டு வா. இந்த வருஷம் ப்ளம் நிறையக் காய்ச்சிருக்கு."